அண்ணா தேடிய பல்சர்

அண்ணாவுக்கு இரண்டு தவணைகள் இருந்தன. ஒன்று அவருக்குத் தெரியும். மற்றதை அவருக்குத் தெரியாமல் வைத்திருந்தது நான்.

அவருக்குத் தெரிந்தது பக்கத்துக் கட்டடம். வெள்ளவத்தையில் அவர் இருந்த பிளாட்டுக்குத் தெற்கே ஒரு பழைய வீட்டை இடித்துவிட்டுப் பன்னிரண்டு மாடி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அண்ணா எங்கள் மொட்டைமாடியில் நின்று, பள்ளிக்கூடக் கோணமானியில் நூலைக் கட்டி, நூல் நுனியில் ஒரு இரும்பு நட்டைத் தொங்கவிட்டு அளந்தார். அவர் தேடிய விண்மீன் எங்கள் தெற்கு வானத்தில் முப்பத்தெட்டுப் பாகைக்கு மேல் ஒருநாளும் ஏறாது. பக்கத்துக் கட்டடத்துக்கு ஒன்பதாவது தட்டு வந்தால் அந்த முப்பத்தெட்டும் மறைந்துவிடும். சித்திரை முடிவில் ஐந்தாவது தட்டுக்குக் கொங்கிறீட் போட்டு முடித்திருந்தார்கள். "ரெண்டு கிழமைக்கு ஒரு தட்டுப் போடுறாங்கள். ஆடி பிறக்கிறதுக்குள்ள பிடிச்சாப் பிடிச்சதுதான்" என்றார்.

என்னிடம் இருந்த தவணை அவருடைய வயிற்றுக்குள் இருந்தது. கணையத்தில் தொடங்கி ஈரலுக்குப் பரவிவிட்டது என்று டொக்டர் சொன்னார். மூன்று மாதம், மிஞ்சினால் நான்கு. ஸ்கான் ரிப்போர்ட் வந்த அன்று டொக்டரின் அறைக்குள் முதலில் போனது நான்தான். "அவருக்குச் சொல்லாதேங்கோ டொக்டர்" என்று கேட்டதும் நான்தான். பிறகு அண்ணாவை உள்ளே கூப்பிட்டு, அல்சர் என்றும் கொஞ்சம் முற்றிப்போன அல்சர் என்றும் சொல்லி அனுப்பினோம். ரிப்போர்ட்டைக் கொள்ளுப்பிட்டியில் என் அலுவலக மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினேன். அண்ணா கேட்டபோது, ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்கிறார்கள் என்றேன்.

எங்கள் வீடுகளில் இது ஒரு புதுமை இல்லை. இந்த நோய் வந்தால் தெருவுக்கே தெரியும். படுத்திருப்பவருக்கு மட்டும் தெரியாது. சொன்னால் மனம் உடைந்துவிடும், மனம் உடைந்தால் இருக்கிற நாளும் போய்விடும் என்று ஒரு கணக்கு. கனடாவிலிருந்து, அண்ணாவுக்கும் மூத்த அக்கா வட்ஸ்அப்பில் எடுத்து, "தம்பிக்கு மூச்சுக்கூட விடாதை" என்று மூன்று தரம் சொன்னாள். நானும் ஓம் என்றேன். அப்போது அது எனக்குப் பொய்யாகவே தெரியவில்லை. கம்பளி போர்த்திவிடுவது போலத்தான் தெரிந்தது.

அண்ணா கலியாணம் கட்டாதவர். டெலிபோன் கம்பனி ஒன்றில் முப்பது வருடம் லைன் திருத்தினார். ஓய்வு பெற்றதும் சனங்கள் கோயில் குளம் என்று திரிவார்கள். இவர் அலுமினியக் குழாய் வாங்கினார். நான் கொட்டாஞ்சேனையில் தனியாக இருந்தேன். கணவர் போய் ஆறு வருடம், மகள் மெல்பேணில். சித்திரையில் ஒரு சூட்கேசோடு வெள்ளவத்தைக்கு வந்து, "என்ர வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறாங்கள், மணம் தாங்கேல்லை" என்று சொல்லி அண்ணாவின் முன்னறையில் குடியேறினேன். அந்தப் பெயின்ட் வேலை முடியவே இல்லை. "உன்ர வீட்டுக்கு எத்தினை கோட் அடிக்கிறாங்கள், பிள்ளை?" என்று அண்ணா ஒரு மாதம் கழித்துக் கேட்டார். நான் பெயின்ட்காரரைத் திட்டிச் சமாளித்தேன்.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்றன அந்த நான்கு அன்டெனாக்கள். பழைய டிவி அன்டெனாவை ஆறு மடங்கு நீட்டியது போல, பெரிய மீனின் முள்ளெலும்பு மாதிரி இருக்கும். கீழ் பிளாட்டில் இருந்த அன்ரி, "இதில என்ன சனல் தெளிவா வரும்?" என்று என்னைக் கேட்டார். "ஒரே ஒரு சனல்தான் அன்ரி. அதுவும் இன்னும் வரேல்லை" என்றேன்.

அந்த ஒரே சனல் ஒரு பல்சர். எரிந்து வெடித்துப்போன ஒரு பெரிய விண்மீனின் மிச்சக் கரு. கொழும்பு நகரத்துக்குள் அடங்கிவிடக்கூடிய அளவு. ஆனால் சூரியனைவிடப் பாரம். அது ஒரு செக்கனுக்குப் பதினொரு தடவை தன்னைத் தானே சுற்றுகிறது. சுற்றும்போது வெளிச்சவீட்டு விளக்கு திரும்புவது போல அதன் வானொலிக் கதிர் எங்கள் பக்கம் ஒருதரம் வந்து போகும். இதற்கு இருட்டுத் தேவையில்லை. வெயில் கொளுத்துகிற மத்தியானத்திலும் அந்தக் கதிர் வந்துகொண்டுதான் இருக்கும். ஆயிரம் வருடம் அளவில் பயணம் செய்து வெள்ளவத்தை மொட்டைமாடிக்கு வந்து சேரும்போது அதில் ஒன்றும் மிச்சமில்லை. ஓட்டோவின் இரைச்சல், போன் டவர், யாரோ ஒருவரின் மலிவு எல்.ஈ.டி. பல்ப் எல்லாமே அதைவிடச் சத்தம்.

"அப்ப எப்பிடி அண்ணா பிடிக்கிறது?" என்று தொடக்கத்தில் கேட்டேன்.

"பொறுமையாய்" என்றார். "அதின்ர தாளம் எங்களுக்குத் தெரியும். ரெண்டு மணித்தியாலம் பதிஞ்சு எடுப்பம். அதை அந்தத் தாளத்துக்கே துண்டு துண்டா வெட்டி, ஒண்டின் மேல ஒண்டா அடுக்குவம். எண்பதாயிரம் துண்டு வரும். இரைச்சல் ஒவ்வொரு துண்டிலையும் ஒவ்வொரு இடத்தில கிடக்கும், அடுக்க அடுக்க ஒண்டை ஒண்டு தின்னும். அவர் மட்டும் எல்லாத் துண்டிலையும் ஒரே இடத்தில இருப்பார். கடைசியில ஒரு சின்ன மேடு தெரியும்."

'அவர்' என்றுதான் சொல்வார். கோயில் ஐயரைச் சொல்வது போல.

அன்டெனாவைத் தெற்கே சாய்த்து வைத்துவிட்டால் விண்மீன் தானாக வந்து அதன் முன்னால் கடந்து போகும். பெருவிரல் அளவு ரிசீவர் ஒன்று, அதற்கு முன் ஒரு ஆம்பிளிஃபயர், ஒரு பழைய லாப்டொப். பதிவு முடிந்ததும் லாப்டொப் அரைமணி நேரம் உறுமிவிட்டு ஒரு படத்தைக் காட்டும். கீழிருந்து மேலே நேரம் போகும். நடுவில் மங்கலாகவாவது ஒரு நிலைக்குத்துக் கோடு வந்தால் அது அவர். வைகாசியில் பதிந்த நாளெல்லாம் எங்களுக்கு வந்தது மணல் கொட்டிய மாதிரி வெறும் புள்ளி.

வைகாசியின் நடுவில் அண்ணா இரண்டு கிழமை ஒன்றும் பதியவில்லை. ஆம்பிளிஃபயர் போதாது என்று வெளிநாட்டுக்கு இன்னொன்று ஓடர் கொடுத்துவிட்டு, அது வரும்வரை நான்கு அன்டெனாவையும் கழற்றிச் சாய்மனைக் கதிரைக்குப் பின்னால் சாத்தினார். "அவசரப்பட்டு என்ன, ஒரு மாசத்துக்கு மேல கிடக்கே" என்றார். நான் அவருக்கு இடியப்பத்தைச் சொதியில் குழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாய்க்குள் ஒரு சொல் வந்தது. அதை விழுங்கிவிட்டு அடுத்த இடியப்பத்தைக் குழைத்தேன்.

ஆம்பிளிஃபயர் வந்தபோது அவரால் மொட்டைமாடிப் படி ஏற முடியவில்லை. பதினெட்டுப் படிதான். பாதியில் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்று, ஏதோ போன் வந்தது போல் சட்டைப்பையைத் தடவிவிட்டு இறங்கிப் போனார். அடுத்த நாள் முதல் மேலே போனது நான். அவர் கட்டிலில் இருந்து போனில் கட்டளையிடுவார்: இடப்பக்கம் ஒரு விரல், கொஞ்சம் தாழ்த்து, அந்த வயரை வளைக்காதை. எனக்கு அன்டெனாவும் தெரியாது, மண்ணாங்கட்டியும் தெரியாது. கொங்கிறீட் தரை சுட்டு, செருப்பை மீறிக் கால் கொதிக்கும். கோபம் கோபமாக வரும். ஆயிரம் வருடமாக வருகிறவருக்கு ஒரு கிழமை முந்தி வந்தால் என்ன என்று வானத்தைப் பார்த்து வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. விண்மீன் தெற்கைக் கடக்கும் நேரம் ஒவ்வொரு நாளும் நான்கு நிமிடம் முந்தும். வைகாசியில் பின்னேரம் ஐந்து மணிக்குக் கடந்தது, ஆனியில் மூன்றரைக்கு வந்தது, பிறகு இரண்டரைக்கு வந்தது. நான் அலுவலகத்தில் அரைநாள் லீவு கேட்டுக் கேட்டு, மனேஜர் என் முகத்தைக் கண்டாலே ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொள்வார். காலி வீதியில் பஸ் நகராத நாட்களில் இறங்கி ஓடியிருக்கிறேன். ஐம்பத்தாறு வயதில் ஒரு மனுஷி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைக்கு ஓடுவதைப் பார்த்தவர்கள் வீட்டில் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

ஏழாவது தட்டு போட்டார்கள். எட்டாவதற்குப் பலகை அடித்தார்கள். இரும்பு வெல்டிங் தொடங்கியது. அது எங்கள் படத்தை உச்சிமுதல் அடிவரை கரியாக்கியது. ஒருநாள் பொறுக்க முடியாமல் அந்த வளவுக்குள் போய், தகரக் கொட்டிலில் இருந்த மேற்பார்வைக்காரரைப் பிடித்தேன். என் மகளைவிட இரண்டொரு வயது மூப்பு இருக்கும். தம்பி என்கிற மாதிரி, மல்லி என்று தொடங்கினேன். ஒன்றரையிலிருந்து மூன்றரை வரைக்கும் வெல்டிங்கை நிறுத்த முடியுமா என்று சிங்களத்தில் கேட்டேன். ஏன் என்றார். நட்சத்திரம் கேட்கிறோம் என்று எப்படிச் சொல்வது? மாடியில் சுகமில்லாத அண்ணாவுக்காக ஒரு பூசை, அந்த நேரத்தில்தான் செய்ய வேண்டும் என்றேன். என்ன வருத்தம் என்றார். நான் சொன்னேன். நோயின் பெயரையே சொன்னேன். இன்னும் ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ என்றும் சொன்னேன்.

"ஹரி அக்கே" என்று சம்மதித்தார் அவர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு. அன்றிலிருந்து அந்த இரண்டு மணித்தியாலமும் வெல்டிங் நின்றது.

கேற்றுக்கு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. அந்தச் சொல்லை நான் அன்றுதான் முதன்முதலாக வாயால் சொல்லியிருக்கிறேன். அதுவும் சிங்களத்தில், பெயர் தெரியாத ஒருவருக்கு. அண்ணாவுக்குச் சொல்லாததை, அண்ணாவின் வானத்தை மறைக்கிறவருக்குச் சொல்லியிருக்கிறேன். தெருவில் நின்று அழுதேன். ஒரு ஓட்டோக்காரர் நிறுத்தி, எங்கே போக வேண்டும் என்று கேட்டார்.

எட்டாவது தட்டுக்குப் பிறகு அண்ணா கட்டிலோடு போனார். சாப்பாடு வயிற்றில் நிற்கவில்லை. கண் மஞ்சளித்தது. அல்சருக்குக் கண் மஞ்சளிக்குமா என்று அவர் கேட்கவில்லை; நான் சொல்லவும் இல்லை. நான் மேலே இருந்து இறங்கி வரும்போதெல்லாம் ஒரே கேள்வி: "வந்ததோ?" நான் லாப்டொப்பை அவர் மடியில் வைப்பேன். அவர் அரைமணி நேரம் வெறும் மணலைப் பார்ப்பார். "நாளைக்குப் பாப்பம்" என்று சொல்லி மூடுவார். நாளைக்கு என்ற சொல்லை அவர் அவ்வளவு சாதாரணமாகச் சொல்ல, நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருப்பேன்.

ஆனி மாதக் கடைசியில் ஒருநாள் காலையில் ஒன்பதாவது தட்டின் தூண் கம்பிகள் முளைத்திருப்பதைப் பார்த்தேன். அன்று அண்ணா குடித்த தேத்தண்ணீரையும் சத்தி எடுத்தார். அன்றைய பதிவிலும் மணல். நான் மொட்டைமாடியில் தாங்கியின் நிழலில் குந்தியிருந்து அந்தப் படத்தைப் பார்த்தேன். இதைக் கொண்டுபோய் அவர் மடியில் வைக்க என்னால் முடியாது என்று தோன்றியது. முடியவே முடியாது.

லாப்டொப்பில் இன்னொரு புரோகிராம் இருந்தது. எனக்குப் பழக்குவதற்காக அண்ணாவே எழுதியது. பொய்யான இரைச்சலை உண்டாக்கி, அதற்குள் பொய்யான ஒரு துடிப்பை ஒளித்து வைக்கும்; நான் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். எவ்வளவு பலமான துடிப்பு என்பதை நாங்கள் ஒரு எண்ணாகக் கொடுக்கலாம். நான் சின்ன எண்ணாகக் கொடுத்தேன். பெரிதாகப் போட்டால் நம்பமாட்டார். அளவாகப் பொய் சொல்ல எனக்கு அதற்குள் நல்ல பழக்கம் வந்துவிட்டது. படத்தில் அன்றைய திகதியைப் போட்டேன். ஒருதரம்கூட யோசிக்கவில்லை என்பதுதான் இப்போது நினைக்கப் பயமாக இருக்கிறது.

கீழே போனேன். "வந்ததோ?" என்றார். நான் லாப்டொப்பை மடியில் வைத்தேன்.

அண்ணா பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். நடுவில் மங்கலாக ஒரு நிலைக்குத்துக் கோடு, மேலே சின்ன மேடு. அவர் முகம் மலர்ந்த மாதிரியை நான் எழுதமாட்டேன். எழுத எனக்கு உரிமையில்லை. "பாத்தியே, வந்திட்டார்" என்றார். என் கையைப் பிடித்து இரண்டு தரம் குலுக்கினார், அலுவலகத்தில் ஆண்கள் குலுக்குவது போல. நான் தேத்தண்ணீர் போடுகிறேன் என்று சொல்லிக் குசினிக்குள் ஓடினேன். கேத்தல் கொதிக்கக் கொதிக்க அழுதேன். சந்தோசமாகத்தான் அழுதேன் என்று வெட்கத்தோடு சொல்கிறேன்.

"பிள்ளை, இஞ்ச வா."

போனேன். லாப்டொப்பைக் கிட்டப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மோட்டர் எங்க?"

"என்ன மோட்டர்?"

"தண்ணி மோட்டர். ஆனி நடுவில இருந்து ஒவ்வொரு படத்திலையும் ரெண்டு மணிக்குக் குறுக்கால ஒரு கறுப்புப் பட்டை வரும். கேற் வோச்சர் மோட்டர் போடுற நேரம். இதில இல்லையே."

அந்தப் பட்டையை நான் இரண்டு கிழமையாகப் பார்த்துப் பார்த்து, கண்ணாடியில் இருக்கும் கீறல் போல மறந்தே போயிருந்தேன். "இண்டைக்கு மோட்டர் போடேல்லை, அண்ணா" என்றேன்.

"போட்டவை. என்ர தலைமாட்டுச் சுவருக்குள்ள குழாய் போகுது. எனக்குக் கேட்டது."

குசினியில் கேத்தல் கொதித்து வழிந்துகொண்டிருந்தது.

"பழகிற புரோகிராமில எடுத்தனீயோ?"

தலையாட்டினேன்.

"ஏன்?"

"நீங்கள் சந்தோசப்படுவியள் எண்டு."

அண்ணா லாப்டொப்பை மெதுவாக மூடிக் கட்டிலில் தள்ளி வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் என்னை நன்றாகப் பார்த்தார். படங்களைப் பார்ப்பாரே, அதே பார்வை. பிறகு கேட்டார்:

"என்னைச் சந்தோசப்படுத்த வேறை என்னென்ன செய்து வைச்சிருக்கிறாய்?"

அவரே சொன்னார். "அப்பாவுக்கும் அல்சர் எண்டுதான் சொன்னது. நான்தான் சொன்னனான். நீ அப்ப சின்னப்பிள்ளை."

அதற்குப் பிறகு மறைக்க என்ன இருக்கிறது? கட்டில் விளிம்பில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். எந்த இடத்தில் தொடங்கியது, எங்கே பரவியது, டொக்டர் என்ன சொன்னார், ரிப்போர்ட் எந்த லாச்சியில் இருக்கிறது, பெயின்ட் அடிக்கவில்லை என்பது வரை. எத்தனை மாதம் என்றார். மூன்று, நான்கு என்றேன். எப்போது சொன்னார்கள் என்றார். சித்திரையில் என்றேன். விரலில் எண்ணிப் பார்த்தார்.

"வைகாசியில நான் ரெண்டு கிழமை அன்டெனாவைக் கழட்டி வைச்சிட்டுச் சும்மா இருந்தனான்" என்றார். "நீ பாத்துக்கொண்டிருந்தனீ. எனக்கு இவ்வளவுதான் நாள் எண்டு தெரிஞ்சிருந்தா, அந்த ஆம்பிளிஃபயருக்குக் காத்திருப்பனோ? பழசை வைச்சு ஒவ்வொரு நாளும் எடுத்திருப்பனே. அது என்ர ரெண்டு கிழமை, பிள்ளை. உன்ர இல்லை."

அவருக்கு மனம் உடைந்துவிடும் என்று பயந்து, அவரிடம் இருந்த ஒரே சொத்தை நான் அவருக்குத் தெரியாமல் செலவழித்துவிட்டேன்.

மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. சோறு கொடுத்தால் இரண்டு வாய் எடுப்பார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்புவார். அக்கா வழக்கம்போல வட்ஸ்அப்பில் எடுத்து, "அல்சர் எப்பிடி, தம்பி?" என்றபோது, "அக்கா, எனக்கு எல்லாம் தெரியும். உந்த நாடகம் இனிக் காணும்" என்று சொல்லிப் போனை என் கையில் தந்துவிட்டார். அக்கா அங்கே அழ, நான் இங்கே அழ, அவர் ஃபானைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அந்த மூன்று நாளும் நான் மேலே போகவில்லை. பதியச் சொல்லி அவர் கேட்கவும் இல்லை. ஒன்பதாவது தட்டுக்குப் பலகை அடிக்கும் சத்தம் மட்டும் யன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது.

நான்காம் நாள் காலை, "போயா எப்ப?" என்று பௌர்ணமி லீவு நாளைக் கேட்டார்.

"நாளையிண்டைக்கு."

"அண்டைக்கு வேலைக்காரர் வரமாட்டினம். வெல்டிங்கும் இல்லை, கிறேனும் இல்லை. அதுக்குப் பிறகு கொங்கிறீட் போட்டிடுவாங்கள். கடைசி நாள் அதுதான்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நாளைக்கு அன்டெனாவை வேறை பக்கம் திருப்பி ஒண்டு எடு. ஒண்டுமில்லாத வானம். வெறும் வானத்தில என்ன தெரியுது எண்டு முதல்ல எங்களுக்குத் தெரியோணும். அப்பதான் போயாவில வாறது அவரோ, எங்கட ஆசையோ எண்டு சொல்லலாம்."

அப்படியே செய்தேன். லீவு கேட்கவில்லை, அலுவலகத்துக்குப் போகவில்லை, அவ்வளவுதான். வெறும் வானத்தைப் பதிந்து கொடுத்தேன். மணலுக்குள் அங்கங்கே சின்னச் சின்ன வீக்கங்கள் இருந்தன. அவர் அவற்றை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். "இவையெல்லாம் பொய்" என்றார். "நினைவில வைச்சுக்கொள்."

போயா அன்று பக்கத்து பிளாட் ஆண்கள் இரண்டு பேர் அவரைப் பிளாஸ்டிக் கதிரையோடு தூக்கிக்கொண்டு மேலே வந்தார்கள். பாரமே இல்லை என்று ஒருவர் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தார். தாங்கியின் நிழலில் கதிரையை வைத்துக் குடையும் பிடித்தேன். ஒரு மணிக்குப் பதிவைத் தொடங்கினோம். பக்கத்துக் கட்டடத்தில் ஒரு ஆளில்லை. எங்களுக்கு நேரே தெற்கில், கம்பிகளுக்கும் பலகைக்கும் மேலே, ஒரு கைப்பிடி அளவு வானம் இருந்தது. அண்ணா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியாது; அது அவருக்கும் தெரியும். கீழே கடலோரமாக ரயில் போனது. இரண்டு மணிக்கு மோட்டர் உறுமியது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் லேசாகச் சிரித்தார். ஆறு நாளைக்குப் பிறகு.

மூன்று மணிக்கு நிறுத்தினேன். லாப்டொப் அரைமணி நேரம் எடுத்தது. அந்த அரைமணியில் நான் நேர்த்தி வைக்காத தெய்வமில்லை. ஒரு கோடு, ஒரு மங்கல் கோடு, அவ்வளவு போதும்.

படம் வந்தது. வெயிலில் திரை தெரியவில்லை. சேலைத் தலைப்பால் மூடி உள்ளே பார்த்தேன். இரண்டு மணிக்கு மோட்டரின் கறுப்புப் பட்டை சரியாக விழுந்திருந்தது. நடுவில், அவர் இருக்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு வீக்கம். இருக்கிறது என்று சொன்னால் இருக்கிறது. நேற்று எடுத்த வெறும் வானத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதிலும் இதேயளவு வீக்கங்கள் மூன்று இருந்தன.

"என்ர கண்ணுக்கு இப்ப சரியாத் தெரியுதில்லை" என்றார் அண்ணா. "நீ சொல்லு. வந்ததோ?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். மோட்டர்ப் பட்டையும் இருந்தது, வீக்கமும் இருந்தது. அவரால் சரிபார்க்க முடியாது. நாக்கு நுனிவரை வந்தும் விட்டது. அதற்காகவே பிறந்தவள் போல என் முழு உடம்பும் ஓம் சொல்லத் தயாராக இருந்தது.

"இல்லை, அண்ணா" என்றேன். "வரேல்லை."

அவர் தலையை ஆட்டினார். நான் குடையைக் கைமாற்றிப் பிடித்தேன். பிறகு கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, மிக மெதுவாகச் சொன்னார்:

"நோகுது, பிள்ளை."

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் ஒருநாளும் கேட்டதில்லை. வலி வந்தால் கொடுக்கச் சொல்லி டொக்டர் தந்த மாத்திரைகள் கீழே அலுமாரியில் உடைக்காத பட்டையாகவே கிடந்தன. அவருக்கு வலியில்லை, கடவுள் அந்த ஒன்றிலாவது கண் திறந்தார் என்று அக்காவுக்கும் சொல்லி, நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

"எங்க, அண்ணா?"

என் கையை எடுத்துத் தன் வலது விலாவுக்குக் கீழே வைத்தார்.

"இதில. சித்திரையில இருந்து."